ஒரு ஆள் நின்னுட்டா

பையைக் கீழ வைங்க தம்பி. யாரும் எடுத்துக்கிட்டுப் போயிர மாட்டாங்க. அந்த வெங்காய மூட்டை மேலயே உக்காருங்க, பரவாயில்ல. மூணு மணியிலருந்து நாலு மணி வரைக்கும் நம்ம ஓட்டல்ல கூட்டம் இருக்காது. சாப்பாடு முடிஞ்சிருச்சு, சாயங்கால டிபன் இன்னும் ஆரம்பிக்கல. முதலாளி வீட்டுக்குப் போயிருக்காரு, நாலு மணிக்கு வந்துருவாரு. வந்ததும் உங்களைக் காட்டிர்றேன். அதுக்குள்ள நம்ம பேசிக்கிடலாம்.

பொன்ராஜ்னு சொன்னீங்கல்ல? விருதுநகர்ப் பக்கம். காலண்டர் அடிக்கிற அச்சாபீஸ்ல இருந்தீங்க, அதை மூடிட்டாங்க. ரெண்டு பொம்பளப் பிள்ளைக. பாத்தீங்களா, ஒரு தடவைதான் சொன்னீங்க, அப்படியே நிக்குது. இந்தத் தொழிலுக்கு அதுதான் வேணும். மூணாம் மேஜைக்காரர் சாம்பார்ல முருங்கைக்காய் இருந்தாத் தொட மாட்டாரு. ஓரத்து மேஜைக்கு ஒரு வாத்தியார் வருவாரு, காப்பியில சக்கரை வேண்டாம்பாரு, ஆனா அவர் வீட்டம்மா கூட வராத அன்னிக்குப் போடணும். அவர் வாய் திறந்து கேக்க மாட்டாரு, நமக்காத் தெரியணும். எனக்குத் தெரியும். ஒரு கையில ஏழு தட்டு எடுப்பேன் தம்பி. எட்டே எடுத்திருக்கேன், ஒரு முகூர்த்த நாள்ல.

என் பேரு ஒச்சப்பன். ஊரு உசிலம்பட்டிக்கு மேற்க. இந்தப் பொள்ளாச்சிக்கு வந்து பத்தொம்பது வருசம் ஆச்சு. எல்லாம் இந்த ஒரே ஓட்டல்தான். நெஞ்சுல 'சூப்பர்வைசர்'னு பட்டை குத்தியிருக்கு பாருங்க, இது முதலாளி ஒரு ஆயுத பூசை அன்னிக்கு எல்லார் முன்னாலயும் அவர் கையாலயே குத்திவிட்டது. அதுக்காக நின்ன எடத்துல அதிகாரம் பண்ற ஆளு நான் இல்ல. இலை போடுறதும் நான்தான், பரிமாறுறதும் நான்தான். இப்பப் பத்து நாளா மேஜை தொடைக்கிறது, தண்ணி வைக்கிறது எல்லாமே நான்தான். வேற யாரும் இல்ல.

நேராவே கேட்டுர்றேன். நிப்பீங்களா தம்பி?

ரொம்ப நாள் கேக்கல. நாலே நாள். இன்னைக்கு வியாழன். திங்கக்கிழமை வரைக்கும் நின்னாப் போதும். அதுக்கு மேல உங்க இஷ்டம். இருந்தாலும் சரி, போனாலும் சரி. நாலு நாளு நீங்க நின்னா நான் மதுரைக்குப் போயிட்டு வந்துருவேன். ஆஸ்பத்திரியில எம் பொண்டாட்டி இருக்கா.

இருங்க, எந்திரிக்காதீங்க. சொல்லிர்றேன். இந்தப் பக்கம் யாராவது உங்ககிட்ட வந்து, "அந்த ஓட்டல்லயா? அங்க ஒருத்தனும் நிக்க மாட்டான்யா"ன்னு சொல்வான். எதிர்த்த டீக்கடைக்காரனே சொல்வான். அவன் சொல்லி நீங்க கேக்குறதுக்கு நானே சொல்லிர்றது நல்லதில்லையா?

வைகாசியிலதான் அங்கம்மாளுக்குக் கழுத்துல கட்டி தெரிஞ்சது. அங்கம்மாள்தான் எம் வீட்டுக்காரி. முதல்ல நெல்லிக்காய் அளவு, அப்புறம் பெருசாயிருச்சு. மதுரையில ஒரு ஆஸ்பத்திரியில காட்டினோம். நாங்கன்னா, அவளும் எம் மக சுகப்பிரியாவும். நான் போகல, இங்க கூட்டம். ஆபரேசன் பண்ணி எடுத்துரணும், எடுத்துப் பாத்தாத்தான் அது என்ன கட்டின்னு தெரியும்னுட்டாங்க. தேதியும் குடுத்துட்டாங்க.

முதலாளிகிட்டச் சொன்னேன். அவரு ஒரு வார்த்தை மறுக்கல. "ஒச்சப்பா, நீ போகாம வேற யாரு போவாங்க? ஒரு ஆளை நிக்க வெச்சுட்டு நீ தாராளமாப் போய்க்க. பத்து நாளு வேணும்னாலும் இருந்துட்டு வா கண்ணு"ன்னாரு. கண்ணுன்னாரு தம்பி. எந்த முதலாளி சொல்வாரு? ஒரு ஆளை நிக்க வைக்கணும், அவ்வளவுதான். அது நியாயம்தானே? இவ்வளவு பெரிய கடையைப் போட்டுட்டு எப்படிப் போறது?

அப்பத்தான் இருளப்பன் வந்தான். சிவகங்கைப் பக்கத்து ஆளு, முப்பது முப்பத்திரண்டு வயசு இருக்கும். கைச்சுத்தம். பன்னெண்டு நாள்ல எல்லா மேஜையும் பழகிட்டான். நான் ஊருக்குப் போக துணியெல்லாம் துவைச்சு வச்சுட்டேன். பதிமூணாம் நாளு, காலையில பதினோரு மணி இருக்கும், கூட்டம் கொஞ்சம் தணிஞ்ச நேரம். இவனைக் காணோம். பின்னால வந்து பாத்தா எண்ணெய் டின்னைக் கவுத்துப் போட்டு உக்காந்துக்கிட்டு காலைப் பிடிச்சு விட்டுக்கிட்டிருக்கான். காலு வீங்கித்தான் இருந்துச்சு, இல்லேங்கல. காலையில ஆறு மணியிலருந்து நிக்கிறவன். ஆனா நான் பத்தொம்பது வருசமா நிக்கிறேனே? நான் உக்காந்தேனா?

நான் அவனை ஒண்ணும் சொல்லல. முதலாளி கேட்டாரு, "அவன் எங்கடா?"ன்னு. "பின்னால உக்காந்திருக்கான் முதலாளி"ன்னேன். பொய் சொல்ல முடியுமா? உக்காந்திருந்தான், உக்காந்திருந்தான்னு சொன்னேன். முதலாளி அவனைக் கூப்பிட்டு, சாப்பிட்டுக்கிட்டிருந்த சனம் அத்தனை பேர் முன்னாலயும், "மகாராசாவுக்கு ஒரு நாற்காலி போடுங்கப்பா, கால் வலிக்குதாமா"ன்னாரு. தமாசுக்குத்தான். நாலு பேரு சிரிச்சாங்க. இருளப்பன் தோள்ல கிடந்த துண்டை எடுத்து மடிச்சு கல்லா மேசை மேல வச்சான். என்னைப் பாத்தான். முதலாளியைப் பாக்கல தம்பி, என்னையத்தான் பாத்தான். அப்படியே எறங்கிப் போயிட்டான்.

இந்தக் காலத்து ஆளுகளுக்குப் பொறுமை கிடையாது. அந்தத் தேதி போச்சு. சுகப்பிரியாவுக்குப் போன் போட்டு, "நின்ன ஆள் போயிட்டான்மா, அடுத்த தேதி கேளு"ன்னேன். அது "சரிப்பா"ன்னுச்சு.

அடுத்து பிபின். ஒடிசாக்காரரு. நாப்பது வயசு இருக்கும், ஊர்ல பொண்டாட்டி பிள்ளை இருக்கு. அவரை மாதிரி ஒரு ஆளை நான் பாக்கல. ஒரு மாசத்துக்குள்ள, "அண்ணா, கொஞ்சம் சாம்பார் விடவா?"ன்னு கேக்கப் பழகிட்டாரு. அந்த வாத்தியாருக்கே அவரைப் பிடிச்சுப்போச்சு. சரி, இவரு நின்னுருவாரு, நம்ம போயிரலாம்னு நெனச்சேன்.

நம்ம ஓட்டல்ல ஒரு வழக்கம் இருக்கு. வேலைக்கு வந்ததும் போனைக் கல்லா டிராயர்ல வச்சுறணும். மூணரைக்கு எடுத்துக்கிடலாம். நானும்தான் வைக்கிறேன். அது முதலாளி போட்டதில்ல, நான் சொல்லித்தான் அவர் போட்டாரு. ஆளுக சும்மாச் சும்மா போனை நோண்டிக்கிட்டு நிக்கிறது எனக்கு ஆகாது.

ஒரு நாள் பிபின் போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. பத்து மணிக்கு ஆரம்பிச்சது. நான் பில் கொண்டு போறப்ப எல்லாம் டிராயருக்குள்ள உர்ருன்னு சத்தம். எடுத்துக் குடுத்திருக்கலாம்தான். நெனச்சேன். முதலாளி மூஞ்சியைப் பாத்தேன். சரி, ஒருத்தருக்குக் குடுத்தா அப்புறம் எல்லாரும் கேப்பாங்கன்னு விட்டுட்டேன். மூணரைக்குத்தான் அவரு எடுத்துப் பாத்தாரு. அவங்க அப்பா காலையிலயே தவறிட்டாராம். இவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு மத்தியானம் வரைக்கும் வச்சிருந்திருக்காங்க. கிடைக்கலைன்னதும் எரிச்சுட்டாங்க.

சத்தம் போடுவாருன்னு பாத்தேன். போடல. பாதி தொடைச்ச மேஜை ஒண்ணு இருந்துச்சு. அதைப் போய் முழுசாத் தொடைச்சாரு. நாலு மூலையும் தொடைச்சாரு. பெறகு ரூமுக்குப் போய்ப் பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டாரு. அப்படி ஒரு நல்ல வேலைக்காரரு. இருந்திருந்தா நான் ரெண்டாந் தேதிக்குப் போயிருப்பேன்.

ஏன் தம்பி அப்படிப் பாக்குறீங்க? நான் என்ன பண்ணேன்? எனக்கு எப்படித் தெரியும் சாவுச் சேதின்னு?

சரி, கேளுங்க. ரெண்டாந் தேதியும் போச்சு. மூணாந் தேதி குடுக்குறப்ப டாக்டர் சத்தம் போட்டாராம். "உங்க வீட்டுக்காரர் எங்கம்மா? இதைத் தள்ளிப் போடுற விசயமா?"ன்னு. அங்கம்மா சொல்லியிருக்கா, "அவரு இல்லாட்டி அங்க ஓட்டல் ஓடாதுங்க"ன்னு. மக சொல்லுச்சு. எனக்கு அதைக் கேட்டு சந்தோசமாத்தான் இருந்துச்சு. புருசனோட வேலை தெரிஞ்ச பொம்பள. எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

தோசைக்கல்லுல சவரிமுத்துன்னு மாஸ்டர் இருந்தாரு. பதினோரு வருசம். நானும் அவரும் ஒரே ரூமு. கல்லுக்கு முன்னால நின்னு நின்னு அவர் கையெல்லாம் வேர்க்குரு வெடிச்சுப் புண்ணாயிருச்சு. ஒரு ஃபேன் கேட்டாரு. முதலாளி மாட்டித்தான் குடுத்தாரு. காத்துல அடுப்பு தணியுதுன்னு பெறகு கழட்டிட்டாரு. அதுலருந்து மாஸ்டருக்கு மனசு விட்டுப்போச்சு. ஒரு நாள் குளிச்சுட்டு வந்து என்கிட்டச் சொல்றாரு, "ஒச்சப்பா, உடுமலையில ஒரு எடம் பாத்திருக்கேன். ஆவணி முதல் தேதி போயிர்றேன். நீயும் இன்னைக்கே மதுரைக்குக் கிளம்பு. நீ போனா இந்தக் கடை இடிஞ்சு விழுந்துறாது."

எனக்குக் கோவம் வந்துருச்சு. "என்ன மாஸ்டர் அப்படிச் சொல்லிட்டீங்க, உப்பைத் தின்ன எடம்"னேன்.

மறுநாள் முதலாளிகிட்டச் சொன்னேன். கோள் சொல்லல தம்பி, தப்பா நெனைக்காதீங்க. மாஸ்டரைக் கூப்பிட்டு ரெண்டு நல்ல வார்த்தை பேசி, அந்த ஃபேனைத் திரும்ப மாட்டிக் குடுப்பாருன்னுதான் சொன்னேன். நெசமாத்தான். ஆனா முதலாளி என்ன பண்ணாருன்னா, "ஆவணி வரைக்கும் எதுக்கு, இப்பவே போகட்டும்"னுட்டாரு. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலயே அனுப்பிட்டாரு. மாஸ்டர் போறப்ப பெட்டியைத் தூக்கிக்கிட்டு வாசல்ல நின்னாரு. ஏதாவது திட்டுவாருன்னு பாத்தேன். "நல்லா இரு ஒச்சப்பா"ன்னாரு. அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

அவர் போனதும் அவர்கூட இருந்த ரெண்டு பேரும் கிளம்பிட்டாங்க. இப்ப நானு, உள்ள தெனக்கூலிக்கு வர்ற ஒரு மாஸ்டரு, பாத்திரம் கழுவுற ஒரு அம்மா. அந்த அம்மாவும் நேத்து, "அடுத்த வாரம் எம் மக வீட்டுக்குப் போறேன்"னு ஆரம்பிச்சிருக்கு.

மூணாந் தேதி போன வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமை சாயங்காலம் நான் பையோட நின்னேன் தம்பி. நெசமா, பையைத் தோள்ல மாட்டிட்டேன். முதலாளி வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. "ஒச்சப்பா, நாளைக்கு ஒரு நிச்சயதார்த்த வீட்டுக்காரங்க நூத்தம்பது பேரு இங்கதான் சாப்பிடறாங்க. ஒரே ஒரு நாளு. சனிக்கிழமை காலையில நானே பஸ் ஏத்தி விடறேன்"னாரு. கையைப் பிடிச்சுட்டாரு. என்ன செய்றது? இறக்கி வச்சுட்டேன். மகளுக்குப் போன் போட்டு, "நீ இருந்துக்கம்மா, அப்பா சனிக்கிழமை வந்துர்றேன்"னேன்.

வெள்ளிக்கிழமை நூத்தம்பது பேருக்கும் நானே பரிமாறினேன். ஒரு குறை சொல்லல யாரும். பொண்ணோட பெரியப்பா என் முதுகுல தட்டி, "இப்படி ஒரு ஆளைப் பாத்ததில்ல"ன்னாரு. மூணரைக்கு டிராயரைத் திறந்து என் போனை எடுத்தேன். பதினாலு தடவை கூப்பிட்டிருக்கு எம் மக.

போட்டேன். "அம்மாவை உள்ள கூட்டிட்டுப் போய் வெளியவும் கொண்டுவந்துட்டாங்கப்பா"ன்னுச்சு. "கையெழுத்து?"ன்னேன். "நான்தான் போட்டேன்"னுச்சு. "அப்ப எதுக்கும்மா பதினாலு தடவை?"ன்னேன். "உள்ள போறதுக்கு முன்னால அம்மா உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசணும்னுச்சு. பயமா இருந்துச்சாம். தள்ளுவண்டியில படுத்துக்கிட்டே இன்னொரு தடவ போடு, இன்னொரு தடவ போடுன்னுச்சு. அதுக்குத்தான்."

சனிக்கிழமை முதலாளி பஸ் ஏத்தி விடல. கூட்டத்துல அவருக்கு மறந்துபோயிருக்கும். நானும் ஞாபகப்படுத்தல. எப்படிப் போய்க் கேக்குறது?

அதுலருந்து தெனமும் மூணரைக்குப் போன் போடுறேன். "அம்மாகிட்டக் குடும்மா"ங்கிறேன். அது குடுக்குது. அந்தப் பக்கம் மூச்சு விடுற சத்தம் கேக்குது. பேச்சு இல்ல. நான்தான் பேசிக்கிட்டிருப்பேன். இன்னைக்கு என்ன கூட்டம், யாரு வந்தா, பருப்பு தீஞ்சுபோச்சு, இப்படி. நேத்து மகளைக் கேட்டேன், "தொண்டையில ஆபரேசன் பண்ணதால குரல் போயிருச்சாம்மா?"ன்னு. "இல்லப்பா, அம்மா நல்லாப் பேசுது. பக்கத்துக் கட்டில் அம்மாகிட்டப் பேசுது, நர்சுகிட்டப் பேசுது, என்கிட்டப் பேசுது"ன்னுச்சு.

தொண்டையை ரொம்ப வருத்தக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருப்பாரு. போன்ல பேசுறதுன்னா சத்தமாப் பேசணும்ல? அதுதான். வேற ஒண்ணுமில்ல. முப்பது வருசத்துல அவ எங்கூடக் கோவிச்சுக்கிட்டதே கிடையாது தம்பி.

எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்காங்க. நாளைக் கழிச்சு, சனிக்கிழமை, முடிவு வருது. அது கெட்ட கட்டியா, சாதாரணக் கட்டியான்னு அன்னிக்குத்தான் தெரியும். அன்னிக்காவது நான் அங்க இருக்கணும். எம் மகளுக்குப் பத்தொம்பது வயசு. அது எப்படித் தனியா நின்னு அதைக் கேக்கும்? ஒரு காயிதத்தை நீட்டி ஏதோ இங்கிலீசுல சொல்வாங்க. அது அழுகக் கூடச் செய்யாதே, அம்மா பாத்துருவான்னு.

நேத்துச் சட்னி வாளியைக் கையில வச்சுக்கிட்டு நடு ஹால்ல நின்னுட்டேன். எந்த மேஜைக்குக் கொண்டு போறேன்னு தெரியல. என்னைக்கும் இப்படி ஆனதில்ல. ஒருத்தர், "என்னய்யா, சட்னி வருமா வராதா?"ன்னு கேட்டாரு, அப்பக் கூட அவர் என்னையத்தான் கேக்குறாருன்னு புரியல. இன்னைக்குக் காலையில முதலாளி கால்லயே விழுந்தேன். ஆமா தம்பி, சொல்றதுக்கு என்ன வெக்கம். கல்லாவுக்குக் கீழ விழுந்தேன். "எந்திரி எந்திரி, பாக்கறாங்க. நானா வேண்டாங்கறேன்? ஆளைக் காட்டு, போய்க்க"ன்னாரு. ஆளு எங்க? ஊர்ல இருக்கற அத்தனை பேருக்கும் சொல்லி வச்சு, கடைசியில பழனி பஸ்ஸுல வந்து எறங்கி நீங்க வேலை கேட்டு நிக்கிறீங்க. சாமியே அனுப்பி வச்ச மாதிரி இருந்துச்சு.

நாலே நாளு. நீங்க உக்காருங்க, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். போனை மடியிலயே வச்சுக்கங்க. பிள்ளைக கூப்பிட்டா எடுங்க. நான் எல்லாத்தையும் பாத்துக்கிடுறேன்.

என்ன கேட்டீங்க?

நான் ஏன் இன்னும் போகலைன்னா?

அதான் சொன்னேனே. ஆள் இல்ல. போயிட்டா, முதலாளி... இல்ல, வேலையை விட்டு எடுத்துருவாருன்னு பயமெல்லாம் இல்ல. எனக்கு வேற எடத்துல கிடைக்கும். ஏழு தட்டு எடுக்குற ஆளுக்கு எங்கயும் கிடைக்கும். அது இல்ல. நான் போயி, இது பாட்டுக்கு நடந்துருச்சுன்னா? நான் இல்லாம ஒரு நாளு, ரெண்டு நாளு நல்லபடியா ஓடிருச்சுன்னா? அப்ப இத்தனை வருசம்... எம் மகளுக்குக் காது குத்துனப்பப் போகல. எங்க அப்பனுக்குத் திதி குடுக்கப் போகல. அதெல்லாம் எதுக்குன்னு ஆயிரும்ல?

இருங்க. எதுக்குப் பையை எடுக்குறீங்க? முதலாளி இப்ப வந்துருவாரு. ஒரு காப்பி குடிங்க. நான் ஏதும் தப்பாப் பேசிட்டேனா? தம்பி, தம்பி, நில்லுங்க. சரி, நாலு நாள் வேண்டாம். ரெண்டு நாள். சனிக்கிழமை ஒரு நாள் மட்டும்.

சரி.

சரி தம்பி. உங்களைச் சொல்லிக் குத்தமில்ல.

எங்கூட வாங்கங்கிறீங்களா? இப்பவேவா? மூணு ஐம்பதுக்கு மதுரை பஸ் இருக்குதான். ஆனா எப்படி வர்றது? வடை போட்டு எடுத்தாச்சு. நாலு மணிக்குக் கூட்டம் வரும். யாரு எடுத்து வைக்கிறது? நீங்க சொல்றது சுலபம்.

ஒரு உதவி மட்டும் பண்ணுங்க. நீங்க மதுரை ஆரப்பாளையத்துல எறங்கித்தானே விருதுநகர் பஸ்ஸுக்குப் போகணும்? ஆஸ்பத்திரி பேரு இந்தச் சீட்டுல இருக்கு, எறங்கி யாரைக் கேட்டாலும் காட்டுவாங்க, நடக்கிற தூரம்தான். ரெண்டாவது மாடி. அங்கம்மாள்னு கேளுங்க, கழுத்துல கட்டுப் போட்டிருக்கும். இந்த மஞ்சப்பையை அவ கையில குடுத்துருங்க. ஒரு ஹார்லிக்ஸ், கழுத்துல சுத்திக்க மெத்துன்னு ஒரு துண்டு. வேற ஒண்ணுமில்ல.

என்னைக் கேப்பா. கேக்கலைன்னாலும் நீங்களாச் சொல்லுங்க. ஆள் கெடச்சிருச்சு, வந்தவரு நின்னுட்டாரு, உங்க வீட்டுக்காரர் சனிக்கிழமை வந்துருவாருன்னு சொல்லுங்க. அந்த ஆளு நீங்கதான்னு மட்டும் சொல்லிராதீங்க தம்பி.